முதலில் அது யாருக்கு வந்த கடிதம்?

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கம், தமிழ்ச் சபைகளோடு கடல் கடந்து சிங்கப்பூருக்கும் வந்தது. எரேமியா 29:11 கிடைத்தவர் முகம் மலரும். உங்களுக்குத் தீமை நினைக்கவில்லை, நல்ல முடிவே தருவேன் என்று ஆண்டவர் உறுதி சொல்லும் வசனம் அது. அட்டை எடுப்பதை நான் குறைசொல்லவில்லை. அதோடு ஒட்டிக்கொண்ட ஒரு கருத்தைத்தான் மறுக்கிறேன்: எபிரேயத் தீர்க்கதரிசனங்கள் நேராக நமக்கே சொல்லப்பட்டவை, முதலில் கேட்டவர் யார் என்ற ஆராய்ச்சி விசுவாசிக்கு வேண்டியதில்லை என்ற கருத்து. அதற்குச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"அந்த வசனம் எனக்கென்று தந்த வாக்குறுதி."

அது ஒரு கடிதத்தின் நடுவில் வரும் வரி. கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் அரசன் எகொனியாவையும் பிரபுக்களையும் கைவினைஞர்களையும் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைகொண்டு போனான். அவர்களுக்கு எரேமியா எழுதியதை எலெயாசா, கெமரியா என்ற இருவர் எடுத்துச் சென்றார்கள். அனனியா என்ற தீர்க்கதரிசியோ இரண்டே வருடத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று எருசலேமில் முழங்கியிருந்தார். எரேமியா சொன்ன கணக்கு எழுபது வருடம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணமுடித்து வையுங்கள், உங்களைச் சிறைவைத்த பட்டணத்தின் நலனுக்காகவே ஜெபியுங்கள் என்றார். பத்தாம் வசனத்தில் எழுபது வருடம், அதை ஒட்டித்தான் பதினோராம் வசனத்தின் ஆறுதல். அதைக் கேட்ட முதியவர்கள் சொந்த ஊரை மறுபடி பார்க்கப்போவதில்லை. அந்த வரியை மட்டும் கிழித்தெடுத்து, இந்த வருடமே பதவி உயர்வு, இந்த வருடமே வீடு என்று படித்தால் நாம் நிற்பது அனனியாவின் பக்கம்.

பதினோராம் வசனம் நேராக எனக்கென்றால், மணமுடித்துப் பெருகச் சொல்லும் ஆறாம் வசனமும் எனக்குத்தான். ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கூடும் கட்டுமானத் தொழிலாளியிடம், இங்கே குடும்பமாய்ப் பெருகுங்கள் என்று சொல்ல முடியுமா? வேலை அனுமதிச் சீட்டில் வந்தவருக்கு மனைவி மக்களை அழைத்துவர வழியில்லையே!

"தீர்க்கதரிசனம் என்றாலே வருங்காலத்தை முன்கூட்டிச் சொல்வது."

நினிவேக்கு நாற்பது நாள் கெடு என்றார் யோனா. நகரம் மனந்திரும்பியது, சொன்ன அழிவு வரவில்லை. எரேமியா 18ஆம் அதிகாரம் இதையே விதியாகச் சொல்கிறது: எச்சரிக்கப்பட்ட தேசம் திருந்தினால் தீர்ப்பும் மாறும். கேட்பவரை மனம் மாறவைப்பதற்கே அந்தச் சொற்கள் வந்தன. கேட்டவர் யார் என்பதை விட்டுவிட்டால் அவற்றின் நோக்கமே போய்விடும்.

"எசேக்கியேல் 38இல் இன்றைய செய்தி இருக்கிறது."

கோகு என்பது ரஷ்யா, மேசேக்கு என்பது மாஸ்கோ என்று மேடையில் வரைபடம் காட்டி விளக்குகிறார்கள். மேசேக்கும் தூபாலும் இன்றைய துருக்கி நிலப்பகுதியில் வாழ்ந்த மக்கள். அசீரிய அரசர்களின் சாசனங்களில் அவர்கள் பெயர் வருகிறது. எசேக்கியேலின் காலத்தவருக்கு அவை தெரிந்த பெயர்கள். மாஸ்கோவைப் பற்றிய முதல் எழுத்துச் சான்றோ கி.பி. 1147ஆம் ஆண்டுடையது.

"மத்தேயுவே பழைய வசனத்தைத் தம் காலத்துக்குப் பொருத்தினாரே?"

இது வலுவான வாதம். ஏசாயா 7ஆம் அதிகாரத்தில் இயேசுவின் பிறப்பைக் கண்டார் மத்தேயு. சபையின் விசுவாசமும் அதுவே. ஆனால் ஏசாயா பேசியது கி.மு. 734 வாக்கில், தமஸ்குவும் சமாரியாவும் படையெடுத்து வந்ததால் நடுங்கிய ஆகாஸ் அரசனிடம். அடையாளமாகப் பிறக்கும் ஒரு பிள்ளை நன்மை தீமை அறியுமுன் அந்த இரு நாடுகளும் வெறுமையாகும் என்றார். கி.மு. 732இல் தமஸ்கு அசீரியரிடம் விழுந்தது. ஏழு நூற்றாண்டு கழித்துத்தான் பொருள்படும் என்றால் அந்த அடையாளத்தால் ஆகாசுக்கு என்ன பயன்? பின்னால் வந்த பொருள் முதற்பொருளின் மேல் எழுந்தது, அதை அழித்துவிட்டு அல்ல. சாக்கடல் ஓரம் கும்ரான் குகையில் 1947இல் கிடைத்த ஆபகூக் விளக்கவுரையும் கல்தேயரைப் பற்றிய வரிகளைத் தன் காலத்துப் பகைவருக்குப் பொருத்துகிறது. அதுவும் வசனத்தை முதலில் எழுதி, விளக்கத்தைத் தனியே தருகிறது.

"அப்படியானால் நமக்கு என்ன மிச்சம்?"

நிறையவே. கடிதம் பெற்றவர்களின் வாழ்வும் அதில் ஒன்று. பாபிலோனியாவில் யூதர் குடியேறிய அல்-யாகூடு என்ற ஊரின் களிமண் பலகைகள் கிடைத்துள்ளன. கி.மு. 6, 5ஆம் நூற்றாண்டுகளில் அவர்கள் பயிர் செய்ததும் வரி கட்டியதும் அவற்றில் பதிவாகியிருக்கின்றன. தங்கள் வேரை அந்தச் சிறையிருப்புவரை கொண்டுபோகும் பாக்தாத் யூதர்கள், லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், வாட்டர்லூ தெருவில், 1878இல் மகேன் அபோத் ஜெப ஆலயத்தைத் திறந்தார்கள். அந்தச் சமூகத்தில் பிறந்த டேவிட் மார்ஷல் 1955இல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரானார். கடிதத்தின் முதல் உரிமையாளர்கள் நம் அண்டை வீட்டார். அவர்களை ஒதுக்கிவிட்டு அதை நமக்கே என்று படிப்பது நியாயமல்ல.

அந்த அட்டை கிடைத்தால் வீட்டுக்குப் போய் 29ஆம் அதிகாரம் முழுவதையும் படியுங்கள். சிறையாகப் போன ஊரின் நலனைத் தேடு, உன் நலனும் அதில்தான் என்கிறது ஏழாம் வசனம். புலம்பெயர்ந்த தமிழருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேதத்தில் இல்லை. பாபிலோனில் அதைக் கேட்டவர்கள் யாரென்று தெரிந்த பிறகுதான் அது நம்மிடம் கேட்கும் கடமை விளங்கும்.