சுவரில் தொங்கும் அளவுகோலும் வகுப்பில் நிற்கும் ஆசிரியரும்

கூலி உயர்வு கேட்டுக் குரல் கொடுக்கிறோம். குடிசைக்கு மாற்று வீடு கேட்டு ஊர்வலம் போகிறோம். தண்ணீர்க் குழாய்க்காக வார்டு அலுவலகப் படிகளை ஏறி இறங்குகிறோம். மும்பையில் உழைத்துப் பிழைக்கும் தமிழர்களாகிய நாம், "மூன்றாம் வகுப்பு முடிக்கும் என் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்?" என்று கேட்டு என்றைக்காவது பள்ளிக்கூடப் படி ஏறியிருக்கிறோமா?

கேட்கலாம், கேட்பதற்கு விடையும் இருக்கிறது. ஒன்று முதல் எட்டு வரை எந்த வகுப்பில் எந்தப் பாடத்தில் பிள்ளை எதைக் கற்றிருக்க வேண்டும் என்ற பட்டியலை 2017-இல் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்டது. 'கற்றல் விளைவுகள்' என்பது அதன் பெயர். அதே ஆண்டில் கல்வி உரிமைச் சட்டத்தின் மத்திய விதிகளிலும் அது இடம்பெற்றது. பிறகு 2021 ஜூலையில் 'நிபுண் பாரத்' திட்டம் வந்தது. மூன்றாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்களைப் பொருள் புரிந்து படிக்க வேண்டும், 9999 வரை எண்ணறிவு பெற்றிருக்க வேண்டும் என்று அது இலக்கு வைத்தது.

இந்தப் பொது அளவுகோலை நாம் வரவேற்கிறோம். வேலை தேடி ஊர்விட்டு ஊர் போகிறவர்கள் நாம். நெல்லையில் இரண்டாம் வகுப்பும் தாராவியில் மூன்றாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு. எங்கே போனாலும் அவர்களுக்கு ஒரே அளவு என்றால் அது நமக்குப் பாதுகாப்பு. முதலாளி வீட்டுப் பிள்ளைக்கு ஓர் அளவு, மூட்டை தூக்குகிறவன் பிள்ளைக்கு ஓர் அளவு என்பதை நாம் ஒருநாளும் ஏற்க மாட்டோம்.

ஆனால், அளவுகோலை அச்சடித்துச் சுவரில் மாட்டிவிட்டால் பாடம் நடந்துவிடுமா? கஜக்கோல் கையில் இருப்பதாலேயே யாரும் தையற்காரர் ஆகிவிடுவதில்லை.

தமிழ்வழி வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒருவர் நம்மிடம் மனம்விட்டுப் பேசினார். பயிற்சி வகுப்பு மராத்தியில் நடந்தது. அவருக்கு மராத்தி தெரியும். குறை அதில் இல்லை. மராத்தியில் 'க' வரிசைக்கு நான்கு எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒலி. தமிழிலோ ஒரே 'க'தான். 'கடல்' என்னும்போது ஓர் ஒலி, 'தங்கம்' என்னும்போது வேறோர் ஒலி. மராத்தி எழுத்தைக் கற்பிக்கச் சொல்லித் தந்த முறையை அப்படியே தமிழ் வகுப்பில் வைத்தால் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? "இலக்கைச் சொன்னார்கள், வழியை நானேதான் தேட வேண்டியிருந்தது" என்றார் அவர்.

சொல் கணக்கையும் பாருங்கள். 'வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள்' என்பது தமிழில் இரண்டே சொற்கள். அதையே இந்தியில் 'கர் ஸே ஆ ரஹே தே' என்றால் ஐந்து சொற்கள். நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற ஒரே கணக்கை இரு வகுப்புக்கும் வைத்தால் தமிழ்ப் பிள்ளை மந்தம் என்றல்லவா ஆகும்? இதை அரசும் அறியாமல் இல்லை. 2022 மார்ச்சில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 20 மொழிகளில் அடிப்படைக் கற்றல் ஆய்வு நடந்தபோது, மொழிக்கு மொழி தனித்தனி வேக அளவே வகுக்கப்பட்டது. அந்தத் தெளிவு கடைசி வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர் வரை வந்து சேர வேண்டாமா?

இன்னொன்று. 'படித்த கதையைத் தன் சொற்களில் கூறுவார்' என்பது போன்ற அளவுகள் பட்டியலில் உண்டு. நம் பிள்ளையோ, "காக்கா கல்லைப் போட்டுச்சு, பானி மேல வந்துச்சு" என்று சொல்லும். கதை அதற்குப் புரிந்துவிட்டது. ஒரு சொல்தான் தெருவில் பொறுக்கிய சொல். இது தேறியதா, தேறவில்லையா? ஓர் ஆசிரியர் 'ஆம்' என்பார், மற்றவர் 'இல்லை' என்பார். நாலைந்து பள்ளிகளின் தமிழாசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடி, பிள்ளைகளின் ஏடுகளை எதிரே வைத்துக்கொண்டு பேசினால்தான் அளவுகோல் அவர்கள் எல்லோருக்கும் பொதுவாகும். அனுபவமுள்ள ஒருவர் வகுப்புக்கே வந்து பாடம் நடத்திக் காட்டி, பிறகு பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்து, குறை நிறை சொல்ல வேண்டும். உதவி என்றால் இதுதான். சுற்றறிக்கை உதவியாகாது.

தமிழில் பாடக்கருவி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டு அரசு 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்து, ஆசிரியர் கையேடும் பயிற்சி நூலும் தமிழிலேயே தந்தது. மராட்டியப் பாடநூல் வேறாக இருக்கலாம். அளவுகோல் பொதுவென்றால் கருவியும் பொதுவாக இருப்பதில் தவறென்ன?

குறையை ஆசிரியர் தலையில் சுமத்திவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. அதை நாம் செய்யலாகாது. மக்கள் தொகைக் கணக்கு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவு ஏட்டிலேயே உறங்கினால், பாடத்தைத் திட்டமிட ஆசிரியருக்கு நேரம் எங்கிருந்து வரும்?

ஆகவே நாம் கோருவது மூன்று. தமிழ்வழி ஆசிரியர்களுக்குத் தமிழிலேயே பயிற்சி வேண்டும். மாதம் ஒருமுறை கூடிப் பேச அவர்களுக்குப் பணி நேரத்திலேயே இடம் வேண்டும். தமிழ்நாட்டுக் கையேடுகளை மராட்டியப் பாடத்தோடு பொருத்தி வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். இது சலுகைக்கான மனு அன்று. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது; அவற்றில் தமிழும் ஒன்று. பள்ளியைத் திறந்து வைத்திருப்பது பாதிக் கடமை. அதில் நடக்கும் பாடத்தைச் செம்மையாக்குவது மீதிக் கடமை.

நமக்கும் கடமை உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். அந்த இடங்கள் நம்முடையவை. கையெழுத்துப் போட மட்டும் போய்வரும் இடமாக அதை ஆக்கிவிட வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு அரை நாள் கூலியை விட்டாவது போவோம். "எங்கள் ஆசிரியருக்கு நீங்கள் என்ன உதவி செய்தீர்கள்?" என்று அதிகாரிகளைக் கேட்போம். பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கணக்குக் கேட்கத் தொடங்கும் இடம் அதுதான்.