படத்தின் மேலேயே பெயர் எழுதியவர்

மாணவர்களே, உங்கள் வலக்கையின் கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் ஒட்டவைத்து, மணிக்கட்டைச் சற்று உள்பக்கமாக மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் கயிறுபோல ஒரு தசைநாண் புடைக்கிறதா? பலருக்குப் புடைக்கும், சிலருக்குப் புடைக்காது. சிலருக்கு ஒரு கையில் மட்டும் இருக்கும். இல்லையென்றால் பயப்படாதீர்கள், அது இல்லாமலும் கை நன்றாகவே வேலை செய்யும். அது பால்மாரிஸ் லாங்கஸ் என்ற தசையின் நாண். உடலின் வேறிடத்தில் தசைநாண் தேவைப்பட்டால், அறுவை மருத்துவர்கள் இதை எடுத்து அங்கே பொருத்துவதுண்டு.

சிலிபினில் என் படிவம் நான்கு வகுப்பில் இதைச் செய்துகாட்டியபோது, மருத்துவராக விரும்பும் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், கைப்பேசியில் முப்பரிமாணச் செயலி இருக்கிறது. அப்புறம் எதற்கு மருத்துவ மாணவர்கள் அவ்வளவு தடிமனான படநூலைச் சுமக்கிறார்கள்?"

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனாலும் இந்தக் கேள்விக்கு எனக்கு உறுதியான பதில் உண்டு. உண்மையான உடலைத் திறந்து பார்த்தால் கொழுப்பும் சவ்வும் நரம்பும் இரத்தக்குழாயும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஏறக்குறைய ஒரே நிறத்தில் கிடக்கும். புகைப்படமும் அதையே காட்டும். ஓவியர் மட்டும்தான் எதை விட வேண்டும், எதைக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்கிறார். தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம், நரம்புக்கு மஞ்சள் என்பதெல்லாம் அந்த முடிவுதான். (சிரையில் ஓடும் இரத்தம் நீல நிறம் என்று ஆண்டுதோறும் யாராவது தேர்வில் எழுதிவிடுகிறீர்கள். அது கருஞ்சிவப்பு.)

இதில் பெரிய மாற்றம் செய்தவர் ஹென்றி வேண்டைக் கார்ட்டர். 1858-இல் இலண்டனில் வெளிவந்த கிரேயின் உடற்கூற்றியல் நூலை எழுதியவர் ஹென்றி கிரே. அதன் படங்களை வரைந்தவர் இருபதுகளில் இருந்த இளம் மருத்துவரான கார்ட்டர். பல நூல்களில் படத்தின்மேல் பொடி எழுத்துகள் மட்டும் இருக்கும், அவற்றின் பொருளைக் கீழே தேட வேண்டும். கார்ட்டரோ பெயரை அந்த உறுப்பின் மேலேயே எழுதினார். அதுவும் அச்சிடும் மரக்கட்டையில், கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி வரைந்து! புகழ் முழுவதும் கிரேயின் பெயருக்கே போனது. கார்ட்டர் அதே ஆண்டு பம்பாய்க்கு வந்து, தொழுநோயையும், மதுரையின் பெயரால் 'மதுராக் கால்' எனப்பட்ட பூஞ்சை நோயையும் ஆராய்ந்தார்.

அந்த நூல் தமிழுக்கும் வந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், கிரேயின் நூலைத் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்' என்ற நூலை 1872-இல் வெளிக்கொணர்ந்தார். அந்தத் தமிழாக்கப் பணிகளில் அவருடைய தமிழ் மாணவர்களும் உழைத்தார்கள். நம் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது என்பது எனக்கு வருத்தம்தான்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? தமிழ்ப்பள்ளியில் தமிழில் அறிவியல் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்கு வரும்போது, தமனி 'ஆர்த்தெரி' ஆகிறது, சிரை 'வேனா' ஆகிறது. நன்றாகப் படித்த பிள்ளைகள்கூட, "உயிரியல் எனக்கு வராது" என்று ஒதுங்குவதைப் பார்க்கிறேன். அவர்களுக்கு வராதது உயிரியல் இல்லை, பெயர்கள்தான். பெயர் மாறினாலும் எலும்பு மாறாது. ஒரே படத்தை வரைந்து, ஒரே எலும்பின் மேல் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் பெயர் எழுதிப் பாருங்கள். மருத்துவம் படிக்கப் போகிறவர்கள் இதைப் பல்கலைக்கழகம் வரை தள்ளிப்போட வேண்டியதில்லை.

செயலிக்கு நான் எதிரி இல்லை. முதுகுப்பக்கம் திருப்பிப் பார்க்க அது அருமையான வசதி. ஆனால் திரையில் விரல் வழுக்கிக்கொண்டே போய்விடும். பென்சில் அப்படிப் போகாது. இந்த எலும்பு அந்த எலும்பை எங்கே தொடுகிறது என்று தெரியாவிட்டால், கோடு அங்கேயே நின்றுவிடும்.

படநூலுக்கும் குறை உண்டு. அதில் எல்லாக் கைகளிலும் பால்மாரிஸ் தசைநாண் இருக்கும். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பன் கையில் இல்லாமல் போகலாம். அதனால்தான் மருத்துவ மாணவர்கள் படத்தைப் பார்த்த பிறகும் உடலறைக்குப் போகிறார்கள்.

இந்த வாரம் மணிக்கட்டில் தொடங்குங்கள். அங்கே எட்டு எலும்புகள், நான்கு நான்காக இரண்டு வரிசை. பள்ளி நூலகத்திலோ ஈப்போ துன் ராசாக் நூலகத்திலோ நல்ல படம் ஒன்றைத் தேடிப் பார்த்து, நூலை மூடிவிட்டு வரையுங்கள். பெயரை எலும்பின் மேலேயே எழுதுங்கள். முதல் முறை நான் வரைந்தபோது ஏழுதான் வந்தது. விட்டுப்போனது பட்டாணி அளவிலான பிசிபார்ம். உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கம் அழுத்திப் பாருங்கள், கையில் தட்டுப்படும்.