"ஒன்றரை அடிதானே... அறுத்துடுங்க!" - ஒரு செட்டிநாட்டு நிலையின் கதை

கள்ளக்குறிச்சியில் இருக்கும் பெரியப்பாவின் பட்டறைக்கு எப்போது போனாலும், ஏதாவது ஒரு சாமி பாதி முடிந்து நிற்கும். பிள்ளையாருக்குத் தும்பிக்கை வந்திருக்கும்; கண் வந்திருக்காது. போன மாதம் போனபோது சாமிகள் எல்லாம் ஓரமாக நகர்ந்திருந்தன. நடுவில், ஒரு பழைய தேக்கு நிலை சுவரில் சாய்ந்திருந்தது. எட்டரை அடி உயரம்.

செட்டிநாட்டுப் பக்கம் இடிக்கப்பட்ட ஒரு வீட்டிலிருந்து வந்ததாம். சென்னையில் ஃப்ளாட் வாங்கிய ஒருவர் அதை விலைக்கு எடுத்திருக்கிறார். அவர் வீட்டு வாசலோ ஏழு அடி. இடையில் இருந்த புரோக்கர் சொன்னது ஒரே வேலைதான். "ஒன்றரை அடிதானே... கால்ல அறுத்துடுங்க. பாலிஷ் போட்டு அனுப்பிடலாம்."

அட்வான்ஸ் பத்தாயிரம் ரூபாய் வந்து, அண்ணனின் காலேஜ் ஃபீஸுக்குப் போயும் விட்டது. ஆனால், பெரியப்பா ரம்பத்தை எடுக்கவில்லை. "இது எப்படி நின்னிருக்கும்னு ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாமா பாப்பா?" என்றார். 35 வருடங்களாக மரம் செதுக்குகிறவர், செட்டிநாட்டு வீடு ஒன்றுக்குள்ளும் அதுவரை போனதில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

திருச்சி, புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடி. அங்கிருந்து ஆத்தங்குடி. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கக்கூடிய பெரிய வீடு ஒன்று அங்கே இருக்கிறது. முகப்பைத் தாண்டியதுமே கழுத்து வலிக்கும் அளவுக்கு அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. கூரையில் வண்ண வேலைப்பாடு, சுவரில் பெல்ஜியம் கண்ணாடி, காலடியில் இத்தாலி மார்பிள். செட்டிநாட்டு வீடுகளில் ரவிவர்மா அச்சுப் படங்களும் தஞ்சாவூர் ஓவியங்களும் சகஜம். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர், இன்னமும் கை வைத்தால் சில்லென்று வழுக்குகிறது.

நான் போன் கேமராவோடு சுற்றிக்கொண்டிருந்தேன். பெரியப்பாவைக் காணோம். தேடினால், வாசல் நிலைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அண்ணாந்து பார்க்கும் வீட்டில், அவர் மட்டும் நிலையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம பட்டறையில இருக்குற நிலையில, கீழ ஒரு யாளி இருக்குல்ல... அதோட வாயிலேருந்துதான் கொடி கிளம்புது. கால் பூரா ஏறி, உத்தரத்துல வளைஞ்சு, அந்தப் பக்கம் இறங்கி, இன்னொரு யாளி வாயில போய் முடியுது. ஒன்றரை அடி அறுத்தா ரெண்டு யாளியும் போயிடும். கொடி எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியாது."

பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் கடந்து வட்டித் தொழிலும் வணிகமும் செய்த நகரத்தார், 19-ம் நூற்றாண்டின் நடுவிலிருந்து சுமார் நூறு வருடங்களில் எழுப்பிய வீடுகள் இவை. நடுவில் வானம் பார்த்த வளவு. அதைச் சுற்றி, கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை. இரண்டாம் உலகப் போரில் பர்மாத் தொழில் சிதைந்த பிறகு, வீட்டைத் தாங்கிய வருமானமும் போனது. ஆனால், பங்காளிகள் தலைமுறைக்குத் தலைமுறை பெருகினார்கள். ஒரே வீட்டுக்குப் பல பங்கு. ஓடு மாற்றவும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். விற்கவும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். பல வீடுகளில் விற்பதற்குத்தான் சம்மதம் கிடைக்கிறது.

அன்று மாலை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்தபோது அதைக் கண்ணால் பார்த்தோம். பழம்பொருள் கடைகளில் தூண், கதவு, ஜன்னல், எனாமல் பாத்திரம், யாரோ ஒரு குடும்பத்தின் கல்யாண போட்டோ வரைக்கும் தனித்தனியாக விலைக்கு நிற்கின்றன.

இங்கிலாந்திலும் இப்படி ஒரு காலம் இருந்தது. பரம்பரைச் சொத்துக்கு வரி கட்ட முடியாமல் பிரபுக்கள் ஓவியங்களை விற்றார்கள். நூற்றுக்கணக்கான மாளிகைகள் இடிக்கப்பட்டன. 1974-ல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில், இடிந்துபோன அந்த மாளிகைகளின் படங்களை வைத்தே ஒரு கண்காட்சி நடத்தினார்கள். 1895-ல் தொடங்கப்பட்ட நேஷனல் டிரஸ்ட் அங்கே பல மாளிகைகளைப் பொருள்களோடு சேர்த்தே ஏற்றுப் பராமரிக்கிறது. மக்கள் டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்க்கிறார்கள். செட்டிநாட்டு ஊர்களும் 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பிடித்தன. பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் ஓடு மாறிவிடாது என்பது வேறு விஷயம்.

திரும்பி வரும் பஸ்ஸில் பெரியப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பெரம்பலூர் தாண்டியதும், "அவ்ளோ பெரிய வீட்டுல, செஞ்சவன் பேரு எங்கயாச்சும் இருந்துச்சா?" என்று கேட்டார். நான் எடுத்த 200 போட்டோக்களையும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். இல்லை.

"நம்ம வேலைக்குப் புவிசார் குறியீடு குடுத்திருக்காங்கல்ல... அதுல ஊர் பேரு இருக்கு. அது போதும்" என்றார் அவரே. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு அந்தக் குறியீடு கிடைத்தது 2021-ல்.

மறுநாள் காலையில் புரோக்கருக்கு போன் செய்தார். "அறுக்க மாட்டேங்க. ஏழு அடிக்குப் புதுசா ஒண்ணு செஞ்சு தர்றேன், யாளியோட. பழசை அப்படியே ஹால்ல சுவத்தோட நிறுத்தச் சொல்லுங்க." அந்தப் பக்கம் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாளில் குட்டி யானை வந்து நிலையை ஏற்றிக்கொண்டு போனது. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க, பெரியம்மாவின் தோடு அடகுக்குப் போனது. பெரியம்மா இரண்டு நாள் பெரியப்பாவிடம் பேசவில்லை. அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது.

வேறு யாரோ அதை அறுத்திருப்பார்கள். எனக்குத் தெரியும், பெரியப்பாவுக்கும் தெரியும். ஆனால், வண்டி வருவதற்கு முந்தைய ராத்திரி, அந்த யாளியின் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அதன் உருவத்தைப் படியெடுத்து வைத்துக்கொண்டார். இப்போது பட்டறையில், ஆர்டர் எதுவும் இல்லாமலேயே ஒரு மரத்துண்டில் அந்த யாளி வாய் திறந்துகொண்டிருக்கிறது.

லீவுக்குக் காரைக்குடிப் பக்கம் போகிறீர்களா? கூரையை நிதானமாகப் பாருங்கள். அப்படியே, வாசலில் ஒரு நிமிடம் உட்கார்ந்து நிலையின் காலையும் பார்த்துவிட்டு வாருங்கள்.