ஜெனீவாவில் வாக்கும் வாசகமும்

எடிசன்வாழ் இந்தியர்கள் கேட்டால், அமெரிக்க வெளியுறவுக் கொள்கை பற்றித் தொகுதி உறுப்பினர் பேசுகிறார். 1993இல் அமெரிக்கக் காங்கிரசில் இந்தியாவுக்கான குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிராங்க் பலோன் இந்தத் தொகுதியின் உறுப்பினர்தான். இதை இயல்பாக எடுத்துக்கொள்ளும் நம் நண்பர்களே, இலங்கை விஷயத்தில் தமிழகம் வாய் திறந்தால் 'வெளியுறவு தில்லியின் வேலை' என்கிறார்கள்.

தமிழகம் பேசி என்னதான் கிடைத்தது? 2009 மே மாதம் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கைக்குச் சாதகமான தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. தி.மு.க. அப்போதும் ஆளும் கூட்டணியில்தான் இருந்தது. 2012இல், தமிழகக் கட்சிகள் நெருக்கியபின், அமெரிக்கத் தீர்மானத்தை ஆதரித்தது. ஆனால் அதற்கு முன்பே, ஐ.நா. அலுவலகத்தின் உதவி இலங்கை அரசின் ஒப்புதலோடுதான் என்று வாசகத்தைத் திருத்த வைத்துவிட்டது. கதவைச் சாத்தும் உரிமை கொழும்புக்கே கிடைத்தது. தீர்மானத்தைச் சமன்செய்ய இந்தியா பாடுபட்டதை மன்மோகன் சிங் ராஜபக்சவுக்குக் கடிதமாகவே எழுதினார்!

நெருக்கினால் தில்லி வாக்கைத் தரும், வாசகத்தைத் தராது என்றே எனக்குப் படுகிறது. 2013இல், தி.மு.க. விலகிய இரண்டாம் நாளும், வாக்கு கிடைத்தது. 2014இல் வாசகம் சர்வதேச விசாரணை என்று கடுமையானதும் இந்தியா ஒதுங்கிக்கொண்டது. ஆட்சி மாறிய பிறகு, 2021இலும் 2022இலும் அதே ஒதுங்கல்தான்.