மூடி வெச்ச லேப்டாப்ல சார்ஜ் எங்கே போகுது? திருச்சி மாணவர்கள் பார்க்க வேண்டிய 5 செட்டிங்ஸ்

காலையில் 100 சதவீதம் சார்ஜ். லேப்டாப்பை மூடி பைக்குள் வைத்தாச்சு. ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாறி, கல்லூரிக்குப் போய் திறந்தால் சார்ஜ் கணிசமாகக் குறைந்திருக்கிறது. பைக்குள் கை வைத்தால் சூடு. "புது லேப்டாப்தானே, அதுக்குள்ள பேட்டரி போச்சா?"

பெரும்பாலும் பேட்டரி போகவில்லை. லேப்டாப் தூங்கவே இல்லை, அவ்வளவுதான். சர்வீஸ் சென்டருக்குப் போகும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி சில செட்டிங்ஸை மாற்றினாலே இந்தப் பிரச்சனை தீர வாய்ப்பு அதிகம்.

இப்போது ஏன் இது முக்கியம்?

தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி வழங்கப்படும் என்று அறிவித்தது. 'உலகம் உங்கள் கையில்' என்ற பெயரில் 2026 ஜனவரியில் முதல்வர் மு.க.ஸ்டாலின் இந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்.

இலவச லேப்டாப் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2011 செப்டம்பர் 15-ல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா முதல் திட்டத்தைத் தொடங்கினார். அப்போது அவர் ஸ்ரீரங்கம் தொகுதி எம்.எல்.ஏ. அந்தத் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

இரண்டு திட்டங்களுக்கும் பொதுவான ஒரு விஷயம் இருக்கிறது. அரசு லேப்டாப்பை ஒருமுறைதான் கொடுக்கும். பேட்டரி செத்தால் அடுத்தது மாணவர் செலவு. பேட்டரி இல்லாத லேப்டாப், பிளக் பாயின்ட் இருக்கும் இடத்தில் மட்டும் வேலை செய்யும் ஒரு பெட்டி. வீட்டில் தனி மேஜையோ இன்வெர்ட்டரோ இல்லாத மாணவருக்கு அது பெரிய இழப்பு.

மூடினால் தூங்காதா?

பழைய லேப்டாப்களில் மூடினால் கிட்டத்தட்ட எல்லாமே நின்றுவிடும். நினைவகத்தில் இருப்பதைப் பிடித்து வைக்க மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும்.

இப்போது வரும் பல விண்டோஸ் 11 லேப்டாப்கள் அப்படி இல்லை. அவற்றில் இருப்பது 'மாடர்ன் ஸ்டாண்ட்பை'. நம் செல்போன் மாதிரி, திரை அணைந்தாலும் உள்ளே கொஞ்சம் விழித்தே இருக்கும். மெயில் வாங்கும், அப்டேட் தேடும், வைஃபையோடு பேசும். திறந்த உடனே ஆன் ஆக வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது.

மேஜை மேல் இருந்தால் தொந்தரவு இல்லை. காற்றே போகாத பைக்குள், அதுவும் திருச்சி வெயிலில், ஏதோ ஒரு ஆப் அதைத் தூங்கவிடாமல் செய்தால்தான் சிக்கல். சார்ஜும் இறங்கும், சூடும் ஏறும்.

1. மூடினால் 'ஹைபர்னேட்' ஆகட்டும்

ஐந்தில் முக்கியமானது இதுதான். ஹைபர்னேட் என்றால், திறந்திருக்கும் வேலை அனைத்தையும் எஸ்எஸ்டியில் எழுதி வைத்துவிட்டு லேப்டாப் அணைந்துவிடும். சார்ஜ் கிட்டத்தட்ட இறங்காது. மறுபடி ஆன் ஆக சில விநாடிகள் கூடுதலாகும். விட்ட இடத்தில் இருந்தே வேலை தொடரும்.

எப்படி மாற்றுவது? கன்ட்ரோல் பேனல் → ஹார்ட்வேர் அண்ட் சவுண்ட் → பவர் ஆப்ஷன்ஸ். இடது பக்கம் 'சூஸ் வாட் க்ளோசிங் தி லிட் டஸ்' என்று இருக்கும். அதில் 'ஆன் பேட்டரி' என்ற பத்தியில் மட்டும் ஹைபர்னேட்டைத் தேர்வு செய்து சேவ் செய்யுங்கள். 'பிளக்டு இன்' பத்தி ஸ்லீப்பாகவே இருக்கலாம்.

பட்டியலில் ஹைபர்னேட் இல்லையா? கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் கேட்டு ஆன் செய்துகொள்ளலாம். அதுவரை பையில் வைக்கும் முன் ஷட் டவுன் செய்துவிடுங்கள்.

ஸ்ரீரங்கம் அரசு பொறியியல் கல்லூரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்தான் ஸ்ரீரங்கம், கல்லூரி இருப்பது மதுரை சாலைப் பக்கம் சேதுராப்பட்டியில். தீவில் இருந்து போகிறவர் திருச்சி நகரையே கடக்க வேண்டும். அவ்வளவு நேரம் பையில் இருக்கும் லேப்டாப்புக்கு இந்த ஒரு மாற்றம் போதும், வித்தியாசம் தெரியும்.

2. பவர் மோடைப் பாருங்கள்

செட்டிங்ஸ் → சிஸ்டம் → பவர் அண்ட் பேட்டரி. இங்கே 'பவர் மோட்' என்று மூன்று நிலைகள் உண்டு. 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' என்று இருந்தால் நோட்ஸ் படிப்பதற்கும் லேப்டாப் முழு வேகத்தில் ஓடும். வகுப்புக்கு 'பேலன்ஸ்டு' போதும். புரோகிராம் ஓட்டவோ வீடியோ எடிட் செய்யவோ வேண்டுமானால் அப்போது மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

அதே பக்கத்தில் திரை எத்தனை நிமிடத்தில் அணைய வேண்டும் என்பதையும் குறைத்து வையுங்கள். வெளிச்சத்தையும் குறையுங்கள். அதிக சார்ஜ் குடிப்பவற்றில் திரையும் ஒன்று.

3. எந்த ஆப் சார்ஜைக் குடிக்குது?

அதே பக்கத்தில் 'பேட்டரி யூசேஜ்' என்ற பகுதி இருக்கிறது. கடந்த 24 மணி நேரத்திலும் 7 நாட்களிலும் எந்த ஆப் எவ்வளவு எடுத்தது என்று அது காட்டும். நீங்கள் பயன்படுத்தாத நேரத்தில் பின்னணியில் ஓடிய ஆப்தான் குற்றவாளி. அதன் பின்னணி அனுமதியை நிறுத்துங்கள், தேவையில்லை என்றால் நீக்கிவிடுங்கள்.

4. 80 சதவீதத்தில் நின்றால் பயப்பட வேண்டாம்

"80-க்கு மேல ஏறவே மாட்டேங்குது" என்பது அடிக்கடி வரும் சந்தேகம். பல நேரம் இது பழுதே அல்ல, பேட்டரியைக் காக்கும் வசதி. லித்தியம் அயன் பேட்டரிக்கு இரண்டு விஷயம் ஆகாது: ஒன்று சூடு, இன்னொன்று எப்போதும் 100 சதவீதத்திலேயே இருப்பது. ஹாஸ்டலில் நாள் முழுக்க பிளக்கில் இருக்கும் லேப்டாப்புக்கு இரண்டும் சேர்ந்தே வரும். கோடையில் திருச்சி 40 டிகிரியைத் தாண்டும் ஊர். லேப்டாப் நிறுவனங்கள் பயன்படுத்த ஏற்றதாகச் சொல்லும் அறை வெப்பமோ பொதுவாக 35 டிகிரி வரைதான்.

இதனால்தான் ஏசர், டெல், எச்பி போன்ற நிறுவனங்கள் சார்ஜை 80 சதவீத அளவில் நிறுத்தும் வசதியைத் தங்கள் ஆப்பிலோ பயாஸிலோ கொடுத்திருக்கின்றன. பெரும்பாலும் பிளக்கில் வைத்தே வேலை செய்பவர்கள் அதை ஆன் செய்வது நல்லது.

ஒரு விதிவிலக்கு உண்டு. மாதாந்திரப் பராமரிப்புக்காக உங்கள் ஏரியா துணை மின் நிலையத்தில் நாளை மின்தடை என்று அறிவிப்பு வந்தால், முந்தைய நாள் இரவே அந்த வரம்பை எடுத்துவிட்டு 100 வரை ஏற்றிக்கொள்ளுங்கள். ஆன்லைன் தேர்வு நாளுக்கும் இதேதான். வேலை முடிந்ததும் வரம்பை மறுபடி போட மறக்காதீர்கள்.

5. லினக்ஸும் சேர்ந்து இருந்தால்?

விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் உள்ள லேப்டாப் என்றால், விண்டோஸில் மாற்றிய பவர் செட்டிங்ஸ் லினக்ஸுக்குப் போகாது. அங்கே தனியாக மாற்ற வேண்டும்.

இன்னொன்று, விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆனில் இருந்தால், ஷட் டவுன் செய்தாலும் அது முழுதாக அணைவதில்லை. பாதி தூக்கத்தில் டிரைவைப் பிடித்து வைத்திருக்கும். அதனால் லினக்ஸில் போய் விண்டோஸ் ஃபைலைத் திருத்தப் பார்த்தால் அனுமதிக்காமல் போகலாம். விண்டோஸை ஹைபர்னேட்டில் விட்டுவிட்டு லினக்ஸுக்குப் போனாலும் இதே கதைதான். இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறவர்கள் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை ஆஃப் செய்து, முறையாக ஷட் டவுன் செய்த பிறகே மாறுவது நல்லது.

பேட்டரியே பழுதா? கண்டுபிடிப்பது எப்படி?

இவ்வளவு செய்தும் சார்ஜ் நிற்கவில்லை என்றால் விண்டோஸிடமே அறிக்கை கேட்கலாம். 'கமாண்ட் ப்ராம்ப்ட்' திறந்து, 'பவர்' என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளைச் சேர்த்து டைப் செய்யுங்கள். ஓர் இடைவெளி விட்டு, சாய்வுக்கோடு போட்டு, 'பேட்டரிரிப்போர்ட்' என்று இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் சேர்த்து என்டர் தட்டுங்கள். ஒரு ஃபைல் உருவாகும், அது எங்கே இருக்கிறது என்பதையும் திரையிலேயே சொல்லும்.

அதில் 'டிசைன் கெபாசிட்டி' என்பது பேட்டரி புதிதில் தாங்க வேண்டிய அளவு. 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி' என்பது இப்போது தாங்கும் அளவு. முதலாவது 40,000, இரண்டாவது 36,000 என்றால் 90 சதவீதம் நலம், கவலை வேண்டாம். சில மாதங்களிலேயே பாதிக்குப் பாதி இறங்கியிருந்தால் அது செட்டிங்ஸ் கோளாறு இல்லை. அந்த அறிக்கையோடு வாரண்டி காலத்துக்குள் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். லேப்டாப்புக்கு எவ்வளவு வாரண்டி இருந்தாலும் பேட்டரிக்குத் தனிக் கணக்கு இருக்கலாம் என்பதால் கார்டைப் படித்துவிடுங்கள்.

டச்பேட் மேலே எழும்பி இருந்தாலோ, அடிப்பாகம் உப்பி இருந்தாலோ உடனே அணைத்துவிடுங்கள். மறுபடி சார்ஜ் போடாதீர்கள், நீங்களே கழற்றிப் பார்க்கவும் வேண்டாம். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

கல்லூரிகள் என்ன செய்யலாம்?

லட்சக்கணக்கான லேப்டாப் என்றால் லட்சக்கணக்கான பேட்டரி. ஒவ்வொன்றும் ஓராண்டு கூடுதலாக உழைத்தால் மாணவர்களுக்கு மிச்சமாகும் பணமும், குறையும் மின்னணுக் குப்பையும் சின்னக் கணக்கு இல்லை. இதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. லேப்டாப் கொடுக்கும் நாளில் தமிழில் ஒரு பக்கக் கையேடும், கம்ப்யூட்டர் துறை சீனியர் மாணவர்களை வைத்து ஒரு மணி நேரப் பயிற்சியும் போதும்.

அதுவரைக்கும் வீட்டிலும் ஹாஸ்டலிலும் ஒரே ஒரு விதியைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம்: பைக்குள் போகும் லேப்டாப் ஹைபர்னேட் ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஷட் டவுன்.