காட்டுக் கல்லா, கடைப் பொம்மையா?

கேள்வி: "வீட்டில் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறோம். காட்டு வரப்பில் கிடந்த வெள்ளைக் கற்களைக் கழுவிப் போட்டு, ஆறு கோல்டு ஃபிஷ் விட்டோம். இரண்டே வாரத்தில் நான்கு செத்துவிட்டன. பிள்ளைகள் அழுகிறார்கள். 'காட்டுக் கல் போட்டதுதான் தப்பு. பிளாஸ்டிக் செடியும் கோட்டை பொம்மையும் வாங்கிப் போடுங்கள்' என்கிறார் மீன் கடைக்காரர். 'பெயின்ட் அடிச்ச பொம்மைதான் விஷம்' என்கிறார் மாமனார். யார் சொல்வது சரி?"

- வாசகி, மோகனூர் வட்டாரம், நாமக்கல் மாவட்டம்.

பதில்: இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால், மீன்கள் செத்ததற்குக் கல்லை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியில் விளிம்பு வரை நிரப்பினாலே 56 லிட்டர் தண்ணீர்தான் பிடிக்கும். பத்து கிலோ கல் போட்டால் அதில் கிட்டத்தட்ட 4 லிட்டர் போய்விடும். கோல்டு ஃபிஷ் நிறையத் தின்று நிறையக் கழிக்கும் மீன். புதிதாக நீர் நிரப்பிய தொட்டியில் ஒரே நாளில் ஆறு விட்டால், அவற்றின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவே அவற்றைக் கொல்லப் போதும்.

வயலில் யூரியா போட்டால் அது அம்மோனியாவாகி, மண்ணில் உள்ள நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாக மாறி, பயிருக்குப் போகிறது. தொட்டியிலும் அதே வேலைதான் நடக்க வேண்டும். அந்த நுண்ணுயிர்கள் கல், மணல், ஃபில்டர் பஞ்சு ஆகியவற்றின் மேல் ஒட்டிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குள் மீனைக் கூட்டமாக விட்டால் தாங்காது.

இதில் கல்லுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம். அம்மோனியம் சல்பேட் உரத்தோடு சுண்ணாம்பைக் கலக்கக் கூடாது என்பது விவசாயிகளுக்குத் தெரியும். கலந்தால் தழைச்சத்து அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். கோழிப் பண்ணையில் ஈர எரு மேல் சுண்ணாம்பு தூவினால் மூக்கு எரிகிற நெடி கிளம்புவதும் இதனால்தான். தொட்டிக்குள்ளும் அப்படியே. தண்ணீரில் காரத்தன்மை ஏற ஏற, அதே அளவு அம்மோனியா மீனுக்குக் கூடுதல் விஷமாகும். நாமக்கல் மாவட்டத்தில் பல ஊர்களில் போர் தண்ணீர் ஏற்கெனவே கடினமானது. அதில் சுண்ணாம்புக் கல்லும் கரைந்தால் நிலைமை மோசமாகும்.

எனவே, 'காட்டுக் கல்லா, கடைப் பொம்மையா' என்று பார்ப்பதைவிட, போடும் பொருள் தண்ணீரில் எதைக் கரைக்கிறது, மீனின் உடம்பைக் கிழிக்கிறதா, மீன் ஒளிய இடம் தருகிறதா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். மூன்றையும் வீட்டிலேயே சோதிக்கலாம்.

கல் சோதனை

சேலம், நாமக்கல் பகுதிக் காடுகளில் கிடைக்கும் வெள்ளைக் கற்கள் எல்லாம் ஒன்றல்ல. கண்ணாடிபோலப் பளபளக்கும், கத்தியால் கீறினால் கீறல் விழாத வெங்கச்சங்கல் தண்ணீரில் எதையும் கரைக்காது, தாராளமாகப் போடலாம். மங்கலாக, முடிச்சு முடிச்சாக இருக்கும் சுக்காங்கல்லும், சங்ககிரிப் பக்கம் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக் கல்லும் வேறு வகை. இவை கரைந்து நீரைக் கடினமாக்கும்.

கல்லைக் கழுவிக் காயவைத்து, ஓரிடத்தில் சுரண்டி, அந்த இடத்தில் நாலு சொட்டு வினிகர் விடுங்கள். எலுமிச்சைச் சாறும் ஆகும். பொடிப் பொடியாக நுரை வந்தால் அது சுண்ணாம்பு, ஒதுக்கிவிடுங்கள். சேலம் சாக் ஹில்ஸ் பகுதியில் கிடைக்கும் மேக்னசைட் என்கிற வெள்ளைக்கல் மட்டும் இந்தச் சோதனைக்குச் சிக்காது. வினிகரில் அது நுரைப்பது கண்ணுக்கே தெரியாது. ஆகவே, கையில் மாவுபோல ஒட்டுகிற வெள்ளைக் கல் எதுவானாலும் வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் இரண்டு பக்கெட்டில் ஒரே தண்ணீரைப் பிடித்து, ஒன்றில் மட்டும் கல்லைப் போட்டு ஒரு வாரம் வையுங்கள். மீன் கடையில் கிடைக்கும் சோதனைத் தாளால் இரண்டிலும் கார அமில நிலையைப் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் கல் நல்ல கல்.

பூச்சிமருந்து, களைக்கொல்லி தெளித்த வயலோரக் கற்களை எடுக்க வேண்டாம். கல்லைக் கழுவ சோப்பு போடாதீர்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்க வைக்கவும் கூடாது. உள்ளே ஈரமுள்ள கல் வெடித்துச் சிதறலாம். பிரஷ்ஷால் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கழுவினால் போதும்.

பொம்மை சோதனை

மாமனார் பயப்படுவதிலும் நியாயம் உண்டு. ஆனால், எல்லாப் பொம்மையும் விஷமல்ல. மீன் தொட்டிக்கென்றே செய்த, சாயம் போகாத பிளாஸ்டிக், பீங்கான் பொருள்கள் தண்ணீரின் தன்மையை மாற்றாது. கழுவுவதும் சுலபம். திருவிழாக் கடைப் பொம்மை, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலை, மேலே மட்டும் சாயம் பூசிய கலர் கல் ஆகியவைதான் ஆபத்து. பிளாஸ்டர் சிலை மெல்ல மெல்லக் கரையும். கலர் கல்லில் சாயம் உரியும். பித்தளை விளக்கு, செம்புக் காசு, இரும்புக் கம்பி எதையும் அழகுக்காகக்கூடப் போடக் கூடாது. செம்பு மிகக் கொஞ்சம் கரைந்தாலும் முதலில் நத்தை, இறால் சாகும். அளவு கூடினால் மீனும் சாகும்.

வாங்கிய பொம்மையை வெள்ளை பக்கெட்டில் ஒரு வாரம் ஊறப்போடுங்கள். தண்ணீர் நிறம் மாறினாலோ, வாடை வந்தாலோ, மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ தொட்டிக்கு ஆகாது. பிறகு பழைய மெல்லிய நைலான் துப்பட்டாவை அதன் மேல் எல்லாப் பக்கமும் இழுத்துப் பாருங்கள். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே மீனின் வாலும் துடுப்பும் கிழியும். மீனின் தலை நுழைந்து உடம்பு நுழையாத ஓட்டை உள்ள பொம்மையும் வேண்டாம். நுழைந்த மீன் திரும்பி வர முடியாமல் உள்ளேயே செத்துவிடும்.

செலவில்லாத அலங்காரம்

சோதனையில் தேறியவற்றில் இயற்கைப் பொருளுக்கு ஒரு கூடுதல் பயன் உண்டு. பிளாஸ்டிக் செடி சும்மா நிற்கும். உயிருள்ள செடி அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உரமாக எடுத்துக்கொள்ளும். ஏரியிலும் வாய்க்காலிலும் கிடைக்கும் வேலம்பாசியே போதும். கோல்டு ஃபிஷ் அதைக் கடித்துத் தின்னும். அதனால் கெடுதல் இல்லை, அவ்வப்போது புதிதாகப் போட வேண்டும். கொண்டுவந்த செடியை இளஞ்சிவப்பாகக் கரைத்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் நீரில் பத்து நிமிடம் முக்கி, அலசி, தனி வாளியில் இரண்டு வாரம் வைத்திருந்து பிறகு தொட்டியில் விடுங்கள். தட்டான் பூச்சியின் புழு கூடவே வந்தால் மீன் குஞ்சுகளைத் தின்றுவிடும். அதற்காகத்தான் இந்தக் காத்திருப்பு.

ஒளிய இடம் வேண்டுமென்றால் கொட்டாங்குச்சி இருக்கிறது. நார், பருப்பு இல்லாமல் சுரண்டி, நிறம் இறங்குவது குறையும்வரை வேகவைத்து, ஓரத்தைத் தேய்த்து மழுங்கச் செய்து கவிழ்த்து வைக்கலாம். சாயம் பூசாத மண்சட்டியைப் படுக்க வைத்தாலும் குகைதான். நன்றாகக் காய்ந்து பட்டை உரிந்த கொய்யாக் கிளையையும் வேகவைத்துப் போடலாம். முதலில் மிதக்கும், ஒரு கல்லோடு சேர்த்துக் கட்டுங்கள். கஷாயம்போல நிறம் இறங்கினால் பயம் வேண்டாம். பால் வடியும் கள்ளி, எருக்கு, அரளிக் கட்டைகள் அறவே கூடாது.

இப்போது மிச்சமிருக்கும் இரண்டு மீனைக் காப்பாற்ற, கல்லைச் சோதித்து நுரைப்பதை எடுத்துவிடுங்கள். ஒரு மாதத்துக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். பிளீச்சிங் பவுடர் கலந்த குழாய்த் தண்ணீரானால் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் தீனி போடுங்கள். இந்தத் தொட்டிக்கு இரண்டு கோல்டு ஃபிஷ்ஷுக்கு மேல் வேண்டாம். அவையும் பெரிதானால் பெரிய தொட்டி தேவைப்படும். போர் தண்ணீர்தான் என்றால் கப்பி, மோலி, பிளாட்டி போன்றவை தோதானவை. கடின நீர் அவற்றுக்குப் பிடிக்கும்.

கேள்வி: "சிமென்ட் தொட்டி கட்டி கப்பி, மோலி வளர்த்து விற்க நினைக்கிறோம். அதற்குள்ளும் கல், செடி எல்லாம் வேண்டுமா?"

- வாசகர், பரமத்தி வேலூர்.

பதில்: விற்பனைக்கு வளர்க்கும் தொட்டியில் கல் வேண்டாம். அடியில் அழுக்கு தங்கும். வலைபோட்டுப் பிடிக்கவும் முடியாது. ஆனால், செடி கட்டாயம் வேண்டும். கப்பியும் மோலியும் சுமார் நான்கு வாரத்துக்கு ஒருமுறை குஞ்சு போடும். போட்ட குஞ்சைத் தானே தின்றும்விடும். வேலம்பாசி அடர்ந்திருந்தால் குஞ்சுகள் அதற்குள் ஒளிந்து பிழைக்கும். செடி கிடைக்காவிட்டால், சாயம் போகாத நைலான் கயிற்றைப் பிரித்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடலாம். இங்கே பிளாஸ்டிக்கும் இயற்கைச் செடியின் வேலையை ஓரளவு செய்துவிடும்.

புதுச் சிமென்ட் தொட்டியில் உடனே மீன் விடாதீர்கள். சிமென்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கும். உங்கள் பகுதியில் வாழைக்குப் பஞ்சமில்லை. வாழை மரத்தை நறுக்கிப் போட்டுத் தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் ஊறவிட்டு, வடித்து, தேய்த்துக் கழுவுங்கள். இப்படி மூன்று முறை செய்து, சோதனைத் தாளில் கார அமில நிலை 8.5-க்குக் கீழே வந்த பிறகு, முதலில் நாலைந்து மீனை மட்டும் விட்டுப் பாருங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேட்டுவிட்டுத் தொழிலைத் தொடங்குவது நல்லது.

கேள்வி: "ராமேஸ்வரம் போனபோது யாரோ விற்ற பவளத் துண்டு வீட்டில் இருக்கிறது. இயற்கைப் பொருள்தானே, தொட்டியில் போடலாமா?"

- வாசகர், ராசிபுரம்.

பதில்: போடவும் கூடாது, வாங்கியிருக்கவும் கூடாது. பவளமும் சுண்ணாம்புதான், வினிகர் பட்டால் நுரைக்கும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பவளம் கல் அல்ல; கடலில் வாழும் சிறு உயிரினங்கள் கட்டிய கூடு. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் இருக்கிறது. எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம்; சிறைத் தண்டனை வரை போகும்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல ஆண்டுகள் பவளத்தை வெட்டியெடுத்ததால், அலையைத் தடுக்கும் அரண் போய், விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. மேடு வெட்டிய நிலத்தில் மழை வந்தால் மண் அடித்துப்போவதைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சிரமமில்லை. வீட்டில் இருக்கும் துண்டை அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் விவரம் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். தொட்டியில் பவள அழகு வேண்டுமென்று பிள்ளைகள் கேட்டால், அந்த ஒன்றை மட்டும் சாயம் போகாத செயற்கைப் பொம்மையாக வாங்கிக் கொடுக்கலாம்.