கீரையை நஞ்சாக்கியவர்கள்

சமைத்த கீரையை மறுநாள் உண்பது நஞ்சு உண்பதற்கு ஒப்பானது என்னும் எச்சரிக்கை வாட்ஸ்அப் வழியே எனக்கு அடிக்கடி வந்து சேர்கிறது. அனுப்புகிறவர்கள் படித்தவர்கள், சிலர் ஓய்வுபெற்ற அதிபர்கள். ஆகவே அதற்கு ஒரு மதிப்பும் உண்டாகிவிட்டது. விளைவு என்ன? எங்கள் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய வீடுகளில் மிஞ்சிய கீரைக்கறி குப்பைக்குப் போகிறது. அல்லது கொட்ட மனமில்லாத அம்மாவின் கோப்பைக்குப் போகிறது. இந்த இரண்டாவது வழியைப் பற்றி எச்சரிக்கைக்காரர் எவரும் வாய் திறப்பதில்லை.

முருங்கையிலையை உருவி, காம்பு நீக்கி, கழுவி அடுப்பில் ஏற்றுவதற்குள் ஒருத்திக்கு எவ்வளவு நேரம் செல்கிறது என்பதை உருவியவள்தான் சொல்ல வேண்டும். கொட்டிவிடு என்று கட்டளையிடுகிறவர் பெரும்பாலும் உருவாதவர்.

இந்த அச்சத்துக்கு ஒரு வேர் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. கீரையில் இயல்பாகவே நைத்திரேற்று அதிகம். சமைத்த கீரை அறை வெப்பத்தில் நெடுநேரம் கிடந்தால் பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. கைக்குழந்தைகளுக்கு அது கேடு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2010இல் இதை ஆராய்ந்து எச்சரித்தது. ஆனால் அதே ஆய்வு, உறைநிலையில் வைத்தால் நைத்திரைற்றுப் பெருக்கம் தடைப்படுகிறது என்றும் கூறியது. முன்பாதியைப் பிடித்துக்கொண்டு பின்பாதியை விழுங்கிவிட்டார்கள் எம்மவர்கள்.

அதிலும் இந்த ஊரில் இப்படிப் பேசுவதுதான் வேடிக்கை. கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் இறங்கும் மீனுக்கு ஐஸ் இல்லையேல் விலை இல்லை என்பது இங்கு சிறுபிள்ளைக்கும் தெரியும். மீனைக் காக்கும் குளிர் கீரையை மட்டும் நஞ்சாக்குமா? 1930 மார்ச் 6ஆம் திகதி அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரக் கடைகளில் கிளரன்ஸ் பேர்ட்சையின் உறையவைத்த உணவுகள் முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோது, மீனோடும் இறைச்சியோடும் ஸ்பினாச் கீரையும் இருந்தது.

குற்றவாளி குளிர் அல்ல, அடுப்படியில் கிடக்கும் சட்டி. மத்தியானம் இறக்கிய கறியை இரவு வரை மூடி வைத்துவிட்டு, பிறகு பிரிட்ஜில் தள்ளுவது பயனற்ற வேலை. எங்கள் வெக்கையில் அந்நேரத்துக்குள் நடக்க வேண்டிய கேடு நடந்து முடிந்துவிடும். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிஞ்சும் என்று தெரிந்தால் உண்ண அமருமுன்பே எடுத்துவையுங்கள். அகன்ற தட்டில் பரப்பினால் விரைவில் ஆறும். ஒரு வேளைக்குரிய அளவாகப் பிரித்து உறையவைக்க வேண்டும். தேங்காய்ப்பால் விடுவதற்கு முன்பே எடுப்பது உத்தமம். பால் உறைந்து உருகினால் திரிந்து நிற்கும், வாயில் வைக்க இயலாது. சூடாக்கும்போது புதுப்பால் விட்டுக்கொள்ளலாம். உறைந்த கட்டியை அப்படியே சட்டியில் இட்டு, ஆவி பறக்கக் கொதிக்க வையுங்கள். ஒருமுறை சூடாக்கியதை மீண்டும் உறையவைக்காதீர்கள். கைக்குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

ஒற்றைக் கதவு பிரிட்ஜின் ஐஸ் அறையை நம்பி மாதக்கணக்கில் வைக்கவும் வேண்டாம். உறைநிலை என்றால் சைபருக்குக் கீழ் 18 பாகை செல்சியஸ். அந்தச் சிறு அறை பெரும்பாலும் அந்த அளவைத் தொடுவதில்லை. ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.

இலங்கையில் மின்சாரத்தை நம்பலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை இருளில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொல்லி நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. இதற்கும் எளிய வழி உண்டு. சிறு கோப்பையில் நீரை உறையவைத்து அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிடுங்கள். மின்சாரம் போய் வந்தபின் நாணயம் மேலேயே இருந்தால் அச்சமில்லை. அடியில் கிடந்தால் கீரை உருகிக் கிடந்து மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். அதைக் கொட்டிவிடுங்கள், அம்மாவும் உண்ண வேண்டாம்.